பனியில் புதையாத வண்டி

பிசான நடவுக்கு வயலைத் தயார் செய்யும் நாட்களில், கடையநல்லூரில் மேற்கு மலையைப் பார்த்துப் போகும் வண்டிப்பாதையில் ஒரு காட்சியைக் காணலாம். தார் ரோட்டில் ரப்பர் சக்கரத்தோடு ஓடி வந்த டிராக்டர், வரப்பு ஓரத்தில் வந்து நிற்கும். டிரைவர் இறங்குவார். இரும்புப் பட்டைகளைக் கூண்டு போல வளைத்துச் செய்த இரண்டு சக்கரங்களை உருட்டி வந்து, பின்சக்கரங்களில் மாட்டுவார். அதன் பிறகுதான் வண்டி தொழிக்குள் இறங்கும்.

கூண்டுச் சக்கரம் இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும்? பத்து அடி போவதற்குள் சக்கரம் புதையும். டிரைவர் மேலும் வேகம் கொடுப்பார். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. சுற்றச் சுற்றச் சக்கரமே தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும். என்ஜினுக்குப் பலம் போதவில்லை என்பதல்ல அங்கே குறை. பலம் ஊன்றுவதற்குக் கெட்டியான தரை இல்லை.

சேற்றுக்கு இந்தத் தொல்லை என்றால், பனிக்கு இதைவிடப் பெரிய தொல்லை. பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் பனி அல்ல. இலவம் பஞ்சை மேலிருந்து கொட்டியது போல இரவெல்லாம் விழுந்து, காலையில் கதவைத் திறக்க முடியாமல் இடுப்பளவு, ஆளளவு குவிந்து கிடக்கும் பனி. கால் வைத்தால் தொடை வரை உள்ளே போகும். அந்தப் பனியின் மேல் ஓடுகிற வண்டிதான் பனி வண்டி. பனி ஸ்கூட்டர் என்றும் சொல்கிறார்கள்.

அந்த வண்டி எப்படிப் பிறந்தது? ஒரு குழந்தையின் சாவு அதில் கலந்திருக்கிறது.

வழி அடைத்த இரவு

கனடா தேசத்தில் கியூபெக் என்று ஒரு மாகாணம். அங்கே வால்கோர்ட் என்பது ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார் ஜோசப் அர்மான் பம்பார்டியர். 1907-ம் ஆண்டு பிறந்தவர். 19-வது வயதிலேயே சொந்தப் பட்டறை திறந்துவிட்டார். கார், பம்பு, அறுவை இயந்திரம் எது பழுதானாலும் ஊரார் அவரிடம்தான் வருவார்கள்.

கோடையில் பட்டறையில் வேலை ஓயாது. குளிர்காலம் வந்துவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஏனென்றால் அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் பனி விழுந்ததும் காரை எல்லாம் கொட்டகையில் ஏற்றி நிறுத்திவிடுவார்கள். குதிரை பூட்டிய சறுக்கு வண்டிதான் போக்குவரத்து. தபாலும் டாக்டரும் அதிலேதான் வர வேண்டும். புயல் அடித்தால் அதுவும் கிடையாது.

1934-ம் ஆண்டு குளிர்காலத்தில் பம்பார்டியரின் மகன் இவோன் வயிற்று வலியால் துடித்தான். குழந்தைக்கு வயது இரண்டு. குடல்வால் அழற்சி முற்றி, வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி ஷெர்புரூக் நகரத்தில் இருந்தது. ஏறக்குறைய 30 மைல் தூரம்.

கடையநல்லூரிலிருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகிற தூரத்தைவிட அது குறைவு. ஆனால் ரோடு முழுவதும் பனி மூடிக் கிடந்தது. பட்டறையில் கார் இருந்தது. ஓட வழி இல்லை. பனியில் ஓடுவதற்கென்று பம்பார்டியர் பல வருஷமாகச் சோதனை செய்து வந்த வண்டி ஒன்றும் பட்டறையிலே நின்றது. அது இன்னும் ஓடும் நிலைக்கு வரவில்லை.

குழந்தை இறந்துவிட்டது.

வண்டி செய்யத் தெரிந்த தகப்பன். வண்டி இல்லாமல் பிள்ளையைப் பறிகொடுத்தான். அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் எழுதத் தேவையில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

பதினைந்து வயதுப் பையன்

இந்தப் பனி வண்டிப் பைத்தியம் அவருக்குச் சிறு வயதிலேயே பிடித்தது. பதினைந்து வயதில், தகப்பனார் கொடுத்த பழைய போர்டு கார் என்ஜினை எடுத்து, மரச் சறுக்கு வண்டியின் மேல் ஏற்றி, அதன் பின்னால் ஆகாய விமானத்துக்கு இருப்பது போல மரத்தால் ஒரு காற்றாடி பொருத்தினார். 1922 டிசம்பர் 31-ந் தேதி அந்த வண்டி உறுமிக்கொண்டு வால்கோர்ட் தெருவில் ஓடியது. தம்பி முன்னால் உட்கார்ந்து திருப்பினான். ஊர் ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

தகப்பனார் மட்டும் மகிழவில்லை. மறைப்பு எதுவும் இல்லாமல் சுழலும் அந்தக் காற்றாடி, எவன் கையை எப்போது வெட்டுமோ என்று பயந்தார். வண்டியைப் பிரித்துப் போடும்படி உத்தரவு போட்டுவிட்டார். தகப்பனார் செய்தது சரியே.

வண்டி போயிற்று; யோசனை போகவில்லை. காற்றைத் தள்ளி வண்டியை ஓட்டுவதைவிடப் பனியையே பிடித்து ஓட்ட வேண்டும் என்று பம்பார்டியர் கண்டுகொண்டார். ஆனால் பனியைப் பிடிப்பது எப்படி?

பரம்புப் பலகை சொல்லும் பாடம்

நடவுக்கு முன் வயலில் பரம்பு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் எளிதில் விளங்கும். தொழியில் ஒரு ஆள் நடந்தால் முழங்கால் வரை புதைகிறார். அதே ஆள் பரம்புப் பலகையின் மேல் ஏறி நின்றால் புதைவதில்லை; மாடு இழுக்க, வழுக்கிக்கொண்டே போகிறார். ஆளின் எடை குறைந்துவிட்டதா? இல்லை. உள்ளங்கால் அளவு இடத்தில் இறங்கிய எடை, பலகை நீளத்துக்குப் பரவிவிட்டது. அவ்வளவுதான்.

பனி வண்டியும் இதைத்தான் செய்கிறது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். அவை திருப்புவதற்கு. பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான பட்டை ஒன்று, மாவு மில்லில் ஓடும் பெல்ட் போல, சுற்றிச் சுற்றி ஓடும். வண்டியின் எடை முழுவதும் அந்தப் பட்டையின் நீளத்தில் பரவி நிற்கும். பட்டையின் வெளிப்புறத்தில் இருக்கும் பற்கள் பனியைக் கவ்விப் பின்னால் தள்ளும். வண்டி முன்னால் போகும்.

சொல்வதற்கு எளிது. செய்வதில்தான் சங்கடம். இரும்புச் சங்கிலிப் பட்டை போட்டால் கனம் அதிகம். பல்லிடுக்கில் பனி போய்ப் புகுந்து, இறுகிக் கல்லாகி, பட்டையைக் கழற்றி எறிந்துவிடும். வெறும் ரப்பர் போட்டால் வழுக்கும். மகன் இறந்த மறு வருஷத்தில் பம்பார்டியர் இதற்கு வழி கண்டார். மரத்தில் ஒரு பல்சக்கரம் கடைந்தார். அதன்மேல் ரப்பர் போர்த்தினார். ரப்பரும் பருத்தித் துணியும் சேர்ந்த பட்டைகளை இரும்புக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, அந்தப் பல்சக்கரத்தில் ஓடவிட்டார். பனி ஒட்டவில்லை. பட்டை கழலவில்லை.

1937-ம் ஆண்டு ஜூன் மாதம் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி முதலில் வந்தது. பிறகு பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டி வந்தது. டாக்டர்கள் வாங்கினார்கள். தபால்காரர்கள் வாங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அந்த வண்டி ஓடியது. இவோனுக்குக் கிடைக்காத வண்டி, மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

வியாபாரம் படுத்தது; சேறு கைகொடுத்தது

1948-ம் ஆண்டு கியூபெக் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. குளிர்காலத்தில் முக்கியமான ரோடுகளில் பனியை அள்ளி வழி விட வேண்டும் என்பது சட்டம். ஜனங்களுக்கு நல்லது. பம்பார்டியருக்கோ தலையில் இடி. ரோட்டில் கார் ஓடும்போது பனி வண்டியை யார் வாங்குவார்கள்? விற்பனை சரிந்தது.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. பனியில் புதையாத வண்டி சதுப்பு நிலத்திலும் புதையாது அல்லவா? கனடாவின் வடக்கே மைல் கணக்கில் சதுப்பு நிலம் உண்டு. மஸ்கெக் என்பார்கள். அந்தச் சேற்றில் மரம் இழுக்கவும், எண்ணெய் தேடுகிறவர்களின் சாமான் சுமக்கவும் 1953-ல் ஒரு பட்டை டிராக்டரைச் செய்து, அதற்கு மஸ்கெக் என்றே பெயர் வைத்தார். பனிக்காகப் பிறந்த பட்டை சேற்றிலே சோறு போட்டது.

பிறகு சிறிய, கனம் குறைந்த என்ஜின்கள் வந்தன. இணைப்பே இல்லாத ஒரே துண்டு ரப்பர் பட்டையும் தயாராயிற்று. 1959-ல் ஒருவர் இருவர் மட்டும் ஏறிப் போகும் சின்ன வண்டியை விற்பனைக்கு விட்டார். 'ஸ்கி-டூ' என்று பெயர். 'ஸ்கி-டாக்', அதாவது சறுக்கும் நாய் என்று அவர் வைத்த பெயர் அச்சுப் பிழையால் மாறிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். நாய்களைப் பூட்டிச் சறுக்கு வண்டி ஓட்டி வந்த பனிநாட்டு வேட்டைக்காரர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் நாய்க்குப் பதிலாக வந்த வண்டி என்பதால் அந்தப் பெயராம். இன்றைக்கு உலகத்தில் ஓடும் பனி ஸ்கூட்டர்களுக்கெல்லாம் அந்த மஞ்சள் நிற வண்டிதான் வழிகாட்டி. 1964 பிப்ரவரியில், 56-வது வயதில் பம்பார்டியர் காலமானார். அவர் பெயரில் வளர்ந்த கம்பெனி பிற்காலத்தில் ஆகாய விமானமும், டெல்லி மெட்ரோவுக்கு ரெயில் பெட்டிகளும் செய்தது.

தென் துருவத்தில் தோற்ற வண்டி

பனியில் வண்டி ஓட்டப் பார்த்தவர் பம்பார்டியர் ஒருவர் மட்டும் அல்ல. அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோதே, தென் துருவத்தைப் பிடிக்கக் கிளம்பிய இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி ஸ்காட், மூன்று மோட்டார் சறுக்கு வண்டிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த வண்டிகளை உருவாக்குவதற்கு உதவியவர் ரெஜினால்டு ஸ்கெல்டன் என்ற என்ஜினீயர். அவர் ஸ்காட்டோடு முன்பு ஒருமுறை அந்தப் பனிக்கண்டத்துக்குப் போய் வந்தவர். வண்டியின் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும்.

ஆனால் பயணத்தில் அவருக்கு இடம் இல்லை. தலைவருக்கு அடுத்த பதவியில் இருந்தவரைவிட ஸ்கெல்டனின் உத்தியோகம் பெரியது. அதனால் மரியாதைச் சிக்கல் வரும் என்று அவரை விட்டுவிட்டார்கள். வண்டி போயிற்று, வண்டியை அறிந்தவர் போகவில்லை.

நடந்தது என்ன? ஒரு வண்டி கப்பலிலிருந்து இறக்கும்போதே, கடல்மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் 1911 அக்டோபர் 24-ந் தேதி புறப்பட்டன. என்ஜின் ஒரு பக்கம் சூடேறிக் கொதித்தது. மறுபக்கம் காற்றில் விறைத்தது. உள்ளே கனெக்டிங் ராடின் பேரிங் நொறுங்கியது. நவம்பர் 1-ந் தேதிக்குள் இரண்டு வண்டிகளையும் பனியிலேயே விட்டுவிட்டார்கள். அந்த வண்டியோடு வந்தவர்கள், அது இழுத்த சாமான்களைத் தங்கள் தோளில் வார் மாட்டி இழுத்தார்கள். ஸ்காட்டும் நான்கு தோழர்களும் துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் 1912-ல் பசியாலும் குளிராலும் மாண்டது உலகம் அறிந்த சோகம்.

ஸ்கெல்டன் போயிருந்தால் வண்டி ஓடியிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும், வைத்தியரை வீட்டில் விட்டுவிட்டு மருந்துப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனது போன்ற காரியம் அது.

உழவு டிராக்டர் வென்ற கதை

46 வருஷம் கழித்து அதே துருவத்துக்கு மூன்று டிராக்டர்கள் போய்ச் சேர்ந்தன. பனிக்கென்று பிறந்த வண்டிகள் அல்ல. வயலில் உழுகிற சாதாரண பெர்குசன் டிராக்டர்கள்!

ஓட்டிப் போனவர் எட்மண்ட் ஹில்லாரி. 1953-ல் டென்சிங்கோடு எவரெஸ்டு சிகரத்தில் ஏறிய அதே ஹில்லாரிதான். தென் துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்க இங்கிலாந்தின் விவியன் பூக்ஸ் ஒரு கரையிலிருந்து புறப்படுவது. எதிர்க் கரையிலிருந்து ஹில்லாரி வந்து வழியில் பெட்ரோலும் உணவும் சேமித்து வைப்பது. இதுதான் ஏற்பாடு.

பூக்ஸிடம் பனிக்கென்றே செய்த பெரிய வண்டிகள் இருந்தன. பம்பார்டியரின் மஸ்கெக் டிராக்டரும் ஒன்று இருந்தது. ஹில்லாரிக்குக் கிடைத்தது பெர்குசன். அதை அப்படியே பனியில் விட்டால் கடையநல்லூர்த் தொழியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். ஆகவே மாற்றி அமைத்தார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் சக்கரம் பொருத்தினார்கள். முன், நடு, பின் மூன்றையும் சுற்றிப் பட்டை மாட்டினார்கள். டிரைவர் காற்றில் விறைத்துப் போகாமல் இருக்கக் கித்தான் துணியால் மறைப்பு கட்டினார்கள்.

மாதக் கணக்கில் சூரியனே தலைகாட்டாத துருவக் குளிர்காலத்தில், ஸ்காட் முகாம் பட்டறையில் இந்த வேலைகளைக் கவனித்தவர்கள் ஜிம் பேட்ஸ், முர்ரே எல்லிஸ் என்ற இரண்டு என்ஜினீயர்கள். இந்தத் தடவை அவர்களைக் கரையில் விட்டுப் போகவில்லை. டிராக்டரோடு அவர்களும் போனார்கள்.

1957 அக்டோபர் 14-ந் தேதி புறப்பட்டார்கள். போன வழியைக் கேளுங்கள்: பீடபூமிக்கு ஏற அவர்கள் பிடித்த பனியாற்றின் பெயர் ஸ்கெல்டன் பனியாறு. ஸ்காட் விட்டுவிட்டுப் போன அந்த என்ஜினீயரின் பெயர்தான். முந்திய பயணத்தின்போது அங்குள்ள கடல்வாய்க்கு ஸ்காட்டே வைத்த பெயர், பனியாற்றுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

பனியின் கீழே வெடிப்புகள் உண்டு. மேலே மெல்லிய பனி மூடியிருக்கும், கீழே பாதாளம். அதனால் டிராக்டர்களை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து ஓட்டினார்கள். ஒன்று சரிந்தால் மற்றவை இழுத்துப் பிடிக்கும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்தது; என்ஜினின் பலமும் குறைந்தது. மென்பனியில் இழுக்க முடியாமல், கொண்டுவந்த சாமான்களைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தார்கள். கூட வந்த 'வீசல்' என்ற வண்டி, யுத்தகாலத்தில் பனிக்கென்றே அமெரிக்காவில் செய்யப்பட்டது. அது வழியில் பழுதாகி நின்றுவிட்டது. டிராக்டர்கள் நிற்கவில்லை.

1958 ஜனவரி 4-ந் தேதி மூன்று டிராக்டர்களும் ஐந்து மனிதர்களும் தென் துருவத்தில் நின்றார்கள். ஸ்காட்டுக்குப் பிறகு தரைவழியாக அங்கே வந்தவர்கள் அவர்களே. மோட்டாரில் வந்தவர்களில் அவர்களே முதல்வர்கள். மீதி இருந்த பெட்ரோல் சுமார் 20 காலன். ஒரு நாள் ஓட்டத்துக்குக்கூடக் காணாது! பூக்ஸ் ஜனவரி 19-ந் தேதி துருவத்துக்கு வந்து, மார்ச் 2-ந் தேதி எதிர்க் கரையை அடைந்தார். 99 நாட்களில் 2,158 மைல்.

அந்தப் பெர்குசன் நமக்கு அந்நியமும் அல்ல. 1953-ல் அந்தக் கம்பெனி கனடாவின் மாஸே-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்து, மாஸே பெர்குசன் ஆயிற்று. அதன் கூட்டுறவில் 1960-ல் சென்னையில் 'டாபே' டிராக்டர் கம்பெனி தொடங்கியது. தமிழ்நாட்டு வயல்களில் உழுகிற சிவப்பு மாஸே பெர்குசன், துருவத்தில் நின்ற அந்தச் சாம்பல் நிற வண்டியின் வம்சம். ஒன்றுக்குப் பட்டை மாட்டினார்கள். மற்றொன்றுக்குக் கூண்டு மாட்டுகிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

இன்றையப் பனி ஸ்கூட்டரைக் கொண்டுவந்து கடையநல்லூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால், நம் ஊர் ஸ்கூட்டர் மெக்கானிக் திகைத்துப் போவார் என்று நினைக்கிறீர்களா? ஐந்து நிமிஷம் திகைப்பார். பிறகு மூடியைத் திறந்து சிரிப்பார்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே பெல்ட்! இரண்டு கப்பிகள், நடுவே ரப்பர் பெல்ட். என்ஜின் வேகம் கூடும்போது ஒரு கப்பி நெருங்கும், மற்றொன்று விரியும். கியர் மாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். என்ஜினும் பல வண்டிகளில் பழைய மொபெட்டில் இருந்த டூ-ஸ்ட்ரோக் ரகம்தான். பெட்ரோலோடு ஆயில் சேர்ந்து எரிய வேண்டும். ஆயில் இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மாற்றி அமைப்பதில் அங்குள்ளவர்களுக்கும் ஆசை அதிகம். ஆழமான மென்பனி உள்ள மலைக்குப் போகிறவர்கள், நீளமான பட்டையும் உயரமான பற்களும் போட்டுக்கொள்வார்கள். உறைந்த ஏரியின் மேல் ஓட்டுகிறவர்கள், பட்டையில் இரும்பு ஆணிகள் பதிப்பார்கள். நோயாளியைப் படுக்கவைத்து இழுக்கப் பின்னால் சறுக்குக் கட்டில் மாட்டுவதும் உண்டு. கைப்பிடிக்குள்ளே கம்பிச் சுருள் வைத்துச் சூடாக்குவது ஆடம்பரம் அல்ல. விறைத்த விரல்களால் பிரேக்கைப் பிடிக்க முடியாது.

கடினமான வேலை, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் கணக்குப் போடுவது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதற்கு அதிகப் பெட்ரோல் விட வேண்டும். மலை உச்சியில் காற்று மெலிவு. அங்கே பெட்ரோலைக் குறைக்க வேண்டும். கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் இதற்காகத் துளை பெரிதும் சிறிதுமான 'ஜெட்' ஊசிகளை மாற்றிப் போடுவார்கள். ஒரு பொட்டுத் துளையில் இருக்கிறது விஷயம். பெட்ரோல் கூடினால் புகையும். பிளக் கரி பிடிக்கும். குறைந்தாலோ என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டனில் ஓட்டை விழும்.

நம் ஊர் வாலிபர்கள் சிலர் மோட்டார் சைக்கிளின் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, தெருவே அதிர ஓட்டுகிறார்கள் அல்லவா? பனி தேசத்திலும் அந்த வியாதி உண்டு. சத்தம் வந்தால் பலம் வந்துவிட்டது என்று எண்ணம். புகை போகும் வழியை மாற்றிவிட்டு ஜெட்டை மாற்றாமல் விட்டவன், நடுக்காட்டில் பிஸ்டன் வெந்து நிற்பான். கடையநல்லூரில் நின்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். முப்பது டிகிரி உறைகுளிரில், பொழுது சாயும் நேரத்தில், மனித நடமாட்டமே இல்லாத காட்டில் நின்றால்?

தினமும் பார்க்க வேண்டியது

அதனால்தான் அனுபவசாலிகள் வண்டியை அலங்கரிப்பதைவிட அதைப் பார்த்துக்கொள்வதில் கவனமாக இருக்கிறார்கள்.

இரவு வண்டியை நிறுத்தும்போது வெறும் பனியில் நிறுத்துவதில்லை. பலகை போட்டு அதன்மேல் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் ஓட்டத்தில் நனைந்த பட்டை தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் அதை அறியாமல் வேகம் கொடுத்தால் பெல்ட் எரியும். முதலில் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கிவிட வேண்டும்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் பறக்கக் கூடாது. அலுமினியப் பிஸ்டன் சட்டென்று சூடேறிப் பருக்கும். அதைச் சுற்றியுள்ள சிலிண்டரோ இன்னும் குளிர்ந்தே இருக்கும். பருத்த பிஸ்டன் குளிர்ந்த சிலிண்டருக்குள் இறுகினால் என்ஜின் அதோடு சரி. சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, சூடு சமமான பிறகுதான் கிளம்ப வேண்டும்.

பட்டை தொய்வாக இருந்தால் பல் தாண்டும். இறுக்கமாக இருந்தால் பேரிங் தேயும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பட்டையின் நடுவில் சுமார் ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அளந்து சரிசெய்வார்கள். பிறகு பட்டையை மெதுவாகச் சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போது பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. பட்டையில் ஒட்டிய கல் துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும்.

இந்த வண்டிக்குப் பனிதான் எதிரி என்று நினைத்தால் தவறு. பனி இல்லாத வெறுந்தரையில் ஓட்டினால்தான் வண்டி கெடும்! பட்டையின் உட்புறம் பிளாஸ்டிக் தண்டவாளங்களின் மேல் வழுக்கி ஓடுகிறது. அதற்கு எண்ணெய் போடுவது பனிதான். பல வண்டிகளில் என்ஜினைச் சுற்றிய நீர் குளிர்வதும், பட்டை வாரி இறைக்கும் பனி மேலே படுவதால்தான். தார் ரோட்டில் சிறிது தூரம் ஓட்டினாலே பிளாஸ்டிக் உருகி ஒட்டும்; என்ஜின் கொதிக்கும்.

புறப்படும்போது மாற்றுப் பெல்ட் ஒன்று, பிளக், ஸ்பானர், கயிறு, நெருப்புப்பெட்டி இவை இல்லாமல் போகிறவனை அந்த ஊர்க்காரர்கள் அறிவாளி என்று சொல்வதில்லை. தனியாகப் போவதையும் அவர்கள் விரும்புவதில்லை.

சியாச்சினில் நம் ஜவான்கள்

பனி வண்டி வெளிநாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. 1984 முதல் நமது ராணுவம் காவல் காக்கும் சியாச்சின் பனியாற்றில், சாமான் கொண்டுபோகவும், நோயுற்ற ஜவானை இறக்கிக் கொண்டுவரவும் பனி ஸ்கூட்டர்கள் ஓடுகின்றன. தென் துருவக் கண்டத்தில் உள்ள நமது மைத்ரி, பாரதி ஆராய்ச்சி நிலையங்களிலும் பனி வண்டிகள் உண்டு.

சியாச்சின் எத்தகைய இடம் என்பதற்குத் தமிழர்களுக்குப் புத்தகம் வேண்டாம். 2016 பிப்ரவரி 3-ந் தேதி, சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் நிலையத்தின் மேல் பனிச்சரிவு விழுந்தது. அங்கே இருந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் படைப்பிரிவினர். தமிழ்நாட்டு வாலிபர்களும் அதில் மாண்டார்கள். பனியையே பார்த்திராத ஊர்களில் பிறந்தவர்கள் காவல் நிற்கிற இடம் அது. அந்த உயரத்தில் காற்று மெலிவு. என்ஜினுக்கும் மூச்சு முட்டும், மனிதனுக்கும் முட்டும். கையுறையைக் கழற்றி வெறும் விரலால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறையோடு ஸ்பானர் பிடித்துத்தான் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

கோடைகாலத் தூக்கம்

கடையநல்லூரில் பிசான அறுவடை முடிந்து, வயல் வெடித்துக் கிடக்கும் சித்திரை மாதத்தில், கியூபெக்கில் பனி உருகும். பனி வண்டிக்கு அது தூங்கும் காலம். தூங்கவைப்பதற்கும் முறை இருக்கிறது.

பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இப்போது நம் ஊர்ப் பெட்ரோலில் கலந்து வருவது போல அங்கேயும் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக் கணக்கில் நின்றால் தண்ணீர் அடியில் தேங்கி, கார்புரேட்டரின் பொட்டுத் துளையை அரித்து அடைக்கும். என்ஜினுக்குள் ஆயிலைத் தூவி, துரு ஏறாமல் காக்க வேண்டும். மூட்டுகளுக்கெல்லாம் புது கிரீஸ் அடிக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, வண்டியைக் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். கடைசியாகப் புகைக்குழாயின் வாயில் கந்தைத் துணி திணித்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலி உள்ளே போய்க் கூடு கட்டிவிடும். துணியை எடுக்க மறந்து அடுத்த குளிர்காலத்தில் என்ஜினைக் கிளப்பப் பார்ப்பவர்களும் உண்டு என்பதால், ஹாண்டில் பாரில் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவைப்பார்கள்.

வால்கோர்ட் ஊரில் பம்பார்டியர் பெயரில் ஒரு பொருட்காட்சி சாலை இருக்கிறது. அவர் 19-வது வயதில் திறந்த பழைய பட்டறையை அப்படியே அதற்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1934 குளிர்காலத்தில் ஓடாமல் நின்ற வண்டி இருந்தது அந்தப் பட்டறையில்தான்.